ஐந்தாவது வரி

வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கிருந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. வீடு அரியலூரில். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து பெரம்பலூர் வரவேண்டும், அங்கே பஸ் மாறி வேப்பந்தட்டை, அங்கே கடை வாசலில் நிறுத்தி வைத்திருக்கும் ஸ்கூட்டியில் மீதித் தூரம். பள்ளிக்கூடத்தில் நானும் தலைமையாசிரியரும் மட்டும்தான். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து முப்பத்துச் சொச்சம் பிள்ளைகள். சுற்றிலும் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். என் வாய் அப்போதே கொஞ்சம் நீளம். பிள்ளைகள் முதல் வாரத்திலேயே அதைத் தெரிந்துகொண்டார்கள்.

அவர்களுக்கு ஒட்டகச்சிவிங்கி தெரியும். பென்குவின் தெரியும். ஜன்னலுக்கு வெளியே வேலிக்கருவையில் உட்கார்ந்து கத்துவது என்ன என்று கேட்டால் குருவி என்பார்கள். செம்போத்தும் குருவி, கரிச்சானும் குருவி, மைனாவும் குருவி. பறக்கிறது எல்லாம் குருவி, ஊர்கிறது எல்லாம் பூச்சி என்றால் உங்களையும் நான் ஆடு என்றே கூப்பிடுகிறேன், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். சிரித்தார்கள். மறுநாள் மூன்று பேர் என்னைப் பார்த்து மே என்றார்கள்.

அப்படித் தொடங்கியதுதான் பாட்டு. ஒவ்வொரு உயிருக்கும் நான்கு வரி. ஒரு விதி வைத்திருந்தோம். வகுப்பில் இரண்டு பேராவது கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னால்தான் பாட்டு உண்டு. எங்கே இருந்தது, என்ன தின்றது, ஆளைக் கண்டதும் என்ன செய்தது என்று அவர்கள் சொல்வார்கள். நான் கோத்துக் கொடுப்பேன். கண்ணால் பார்க்காததைப் பாடக் கூடாது. இந்த விதியைப் போட்டதும் நான்தான்.

ஆள்காட்டி ஆள்காட்டி
ஆளைக் கண்டா வாய்நீட்டி
தரையில முட்டை வெச்சவளே
தானே காட்டிக் குடுத்தவளே

இது வந்த வாரம் வெங்காயக் காட்டில் ஆள்காட்டி முட்டைகளைத் தேடி ஒரு கூட்டமே அலைந்தது. தொட்டால் தோலை உரிப்பேன் என்று சொல்லியிருந்ததால் பார்த்துவிட்டு மட்டும் வந்தார்கள். அடுத்தது கும்பிடுபூச்சி.

கும்பிடு பூச்சி கும்பிடுது
கோயிலும் இல்ல சாமியும் இல்ல
கும்பிட்டது யாரை, ஈயைக் கேளு
சொல்லத்தான் ஈ உசுரோட இல்ல

தலைமையாசிரியர் இதைப் படித்துவிட்டு, பச்சைப் பிள்ளைகளுக்கு எதற்கு டீச்சர் சாவெல்லாம் என்றார். ஈ செத்ததற்குக்கூட நீங்கள் அழுவீர்கள் போலிருக்கிறதே என்றேன். அந்த ஆண்டு முழுக்க எனக்குத் தலைக்கனம்தான். பொறிவண்டு, மரவட்டை, கீரி, உடும்பு, மழை விட்டதும் செம்மண்ணில் வரும் பட்டுப்பூச்சி என்று சுவர் முழுக்கச் சார்ட் தொங்கியது. பக்கத்துப் பள்ளிகளிலிருந்து கேட்டு வாங்கிப் போனார்கள். பஸ்ஸில் உட்கார்ந்தால் வாய் தானாக முணுமுணுக்கும். பக்கத்து சீட்டுக்காரர்கள் தள்ளி உட்காருவார்கள்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். எலும்பும் தோலுமாக, எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னிய சடையோடு வருவாள். வெள்ளிக்கிழமை புதுப் பாட்டு எழுதிச் சுவரில் மாட்டினால் மற்றவர்கள் திங்கட்கிழமை எழுதிக்கொள்வார்கள். இவள் அன்றைக்கே எழுதியாக வேண்டும். அதற்கென்று தனி நோட்டு. பென்சிலால் எழுதி, என்னிடம் நீட்டி, மனப்பாடமாகவும் சொல்லிவிட்டு, "சரியா டீச்சர்?" என்று கேட்டு நிற்பாள். நான் சரி என்று சொன்னால்தான் வீட்டுக்குக் கிளம்புவாள். அவள் அம்மாவும் அப்பாவும் காட்டு வேலைக்குப் போகிறவர்கள், கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துச் சோளமும் போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் அந்த நோட்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் வூட்டுல வந்து பாடிக் காட்டுது டீச்சர், எனக்கே பாதி தெரியும் இப்ப" என்பார்.

அந்த ஆண்டு அறுப்புக் காலத்தில் பள்ளிக்கூடத்து அடிபம்பு பக்கத்தில் ஒரு பாம்பை அடித்துப் போட்டார்கள். உடம்பில் வெள்ளை வளையங்கள். கட்டுவிரியன் என்று சொல்லி நாலு பேர் சேர்ந்து நசுக்கியிருந்தார்கள். பாம்பு பிடிக்கிற பையன் ஒருவனின் எண் என்னிடம் இருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். விஷமே இல்லாத வெள்ளிக்கோல் வரையன் என்று அவன் பதில் அனுப்பினான். கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கம் வெறுமையாக இருக்கும், போகப் போக வால்பக்கம் வளையம் தெளிவாகும். வெள்ளிக்கோலுக்குக் கழுத்திலிருந்தே வளையம் இருக்கும், வால்பக்கம் மங்கிப் போகும். இவ்வளவுதான் வித்தியாசம் என்றான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒன்றும் செய்யாத உயிரை இப்படிக் கொல்கிறார்களே, இதற்கு ஒரு பாட்டுப் போட்டே தீரவேண்டும் என்று நினைத்தேன்.

இரண்டு பாம்பையும் நான் உயிரோடு பார்த்ததில்லை. வகுப்பிலும் யாரும் நின்று பார்த்ததில்லை. விதிப்படி அந்தப் பாட்டு வந்திருக்கவே கூடாது.

பஸ்ஸில் முணுமுணுத்தேன். முதலில் வந்த வரிகள் கரடுமுரடாக இருந்தன. பெரம்பலூர் தாண்டியதும் சட்டென்று வழுக்கிக்கொண்டு வந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, கடைசி மணி அடித்தபிறகு அதைச் சார்ட்டில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன்.

கழுத்துல வளையல் கட்டுவிரியன்
கடிச்சா காலன் கதவைத் தட்டுவான்
வாலுல வளையல் வெள்ளிக்கோலு
வம்புக்கு வராத சாது ஆளு

கழுத்துக்குக் கட்டுவிரியன் என்று காது கேட்டது, வாலுக்கு வெள்ளிக்கோலு என்று கேட்டது. நான் காது சொன்னதை எழுதினேன். எழுதி முடித்தபோது ஒரு சின்ன உறுத்தல் இருந்தது என்பதை இங்கே மறைக்க மாட்டேன். அந்தப் பையன் அனுப்பியதை ஒருமுறை பார்த்துவிடலாமா என்று போனைக்கூட எடுத்தேன். நான்கு மணி ஐம்பது பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறுக்குத்தான். எந்தப் பாம்பையும் தொடாதே என்று ஐந்தாவதாக ஒரு வரி சேர்க்கலாமா என்றும் தோன்றியது. ஐந்து வரி வந்தால் பாட்டு கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பெண் மட்டும்தான் அப்போது வகுப்பில் இருந்தாள். எழுதிக்கொண்டு, ஒப்பித்துக் காட்டி, சரியா டீச்சர் என்று கேட்டாள். நான் பையை மாட்டிக்கொண்டே சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை தலைமையாசிரியர் போன் செய்து, அவளுடைய அம்மாவைப் பாம்பு கடித்துவிட்டது, ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மிஷின் வைத்திருக்கிறார்கள் என்றார். போனேன். அவள் அப்பா வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். நடந்ததை அவர்தான் சொன்னார்.

சனிக்கிழமை காலையில் சோளம் அடிக்கிற மிஷின் வருவதாக இருந்ததால் வாசலில் குவித்திருந்த கதிர்மேல் கிடந்த தார்ப்பாயை விலக்கியிருக்கிறார்கள். அடியில் சுருண்டு கிடந்திருக்கிறது. அவர் கழியை எடுத்திருக்கிறார். பிள்ளை ஓடிவந்து தடுத்து, வாலைப் பாருங்க, வாலில்தான் வளையம் இருக்கிறது, இது சாது என்று சொல்லிப் பாட்டையும் பாடியிருக்கிறாள். அவருக்கு நம்பிக்கையில்லை. அம்மாதான், படிக்கிற பிள்ளை சொல்கிறது, உனக்குத் தெரியுமா அதுக்குத் தெரியுமா என்று அவரை அடக்கிவிட்டு, கதிரோடு கதிராக அதை அள்ளி வேலிப்பக்கம் போட்டிருக்கிறார். விரலிடுக்கில் ஏதோ சுருக்கென்றது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். மஞ்சள் வைத்துக்கொண்டு மிஷின் வேலையை முடித்திருக்கிறார். மத்தியானம் வயிற்று வலி. அப்புறம் கண் இமை தூக்க முடியவில்லை, தூக்கமாக வருகிறது என்று படுத்திருக்கிறார். சாதுப் பாம்புதானே, தூங்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். சாயங்காலம் பேச்சுக் குழறியபோதுதான் வண்டி பிடித்திருக்கிறார்கள்.

"புள்ள தப்பா சொல்லிடுச்சு டீச்சர். அதுக்கென்னா தெரியும், கொழந்த" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவள் தப்பாகச் சொல்லவில்லை. ஒரு எழுத்துகூட மாற்றாமல் நான் எழுதியதைச் சொல்லியிருக்கிறாள். வாயைத் திறந்தேன். தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டேன். அதுதான் வந்தது.

திங்கட்கிழமை விடியற்காலையில் அந்த அம்மா இறந்துவிட்டார். நான் அன்றைக்கு முதல் பஸ்ஸில் வந்து, பிள்ளைகள் வருவதற்கு முன்னால் கதவைத் திறந்து அந்தச் சார்ட்டைக் கிழித்தேன். புதுச் சார்ட்டில் கழுத்தையும் வாலையும் இடம் மாற்றி எழுதினேன். ஐந்தாவது வரியும் போட்டேன். எதுவா இருந்தாலும் தொடாதே. வேறு பிள்ளைகள் ஏமாந்துவிடக் கூடாதே என்றுதான் செய்தேன். அது உண்மைதான். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பழையதைத் துண்டு துண்டாகக் கிழித்துப் பையில் போட்டு அரியலூருக்கு எடுத்துப் போனேனே, அதற்கு என்ன காரணம் சொல்வது?

கருமாதி முடிந்து அவள் வந்தாள். சடை இறுக்கமாக இல்லை. அப்பா பின்னியிருக்க வேண்டும். நேராகச் சுவருக்குப் போய்ப் பாம்புப் பாட்டின் முன்னால் நின்றாள். உதடு அசையாமல் படித்தாள். மறுபடி படித்தாள். பிறகு என்னிடம் வந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"நாந்தான் டீச்சர் மாத்தி எழுதிட்டேன்."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வேலை போய்விடும் என்றோ, ஊர் அடிக்க வரும் என்றோ அப்போது நினைத்ததாக ஞாபகம் இல்லை. போய் உட்காரும்மா என்றேன். இரண்டாம் வகுப்புக்குக் கூட்டல் கணக்குப் போட்டேன். அவள் அழவில்லை. அன்றும் அழவில்லை, அடுத்த நாளும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டைத் தட்டில் வாங்கி அப்படியே நாய்க்குப் போட்டாள். யாராவது ஏதாவது கேட்டால், பதில் சொல்லுமுன் இரண்டு முறை புத்தகத்தைத் திறந்து பார்த்தாள். மழைநாள் ஒன்றில் வாசலில் மரவட்டை போனது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அது என்ன அக்கா என்று கேட்டபோது தெரியாது என்றாள். மரவட்டைப் பாட்டுக்கு முதல் வரியே அவள் கொடுத்ததுதான்.

ஒன்பது நாள் பொறுத்தேன். பொறுத்தேன் என்பது நல்ல வார்த்தை, ஒளிந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பத்தாவது நாள் பள்ளிக்கூடம் விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். பாட்டில் தப்பு என்னுடையது. நான்தான் இடம் மாற்றி எழுதினேன். பிள்ளை சரியாகத்தான் எழுதினாள், சரியாகத்தான் சொன்னாள். பழைய சார்ட்டைக் கிழித்ததும் நான்தான். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "நாங்களும் அதைத்தான் டீச்சர் சொல்லிக்கிட்டிருக்கோம், உம்மேல தப்பில்ல சாமி, தப்பில்லன்னு. கேக்க மாட்டேங்குது. நீங்க இவ்ளோ தூரம் வந்து சொன்னீங்களே" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

இல்லைங்க, சமாதானத்துக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நான்தான் என்றேன். அந்த நோட்டை எடுத்து வா, அதில் இருக்கும் என்று அவளிடம் கேட்டேன். கொண்டுவந்தாள். கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கழுத்தும் வால் இருக்க வேண்டிய இடத்தில் வாலும் இருந்தன. கீழே நெருக்கி எழுதிய ஐந்தாவது வரியும் இருந்தது. அந்த இரண்டு வார்த்தைகளின் இடத்தில் தாள் மெலிந்து, ஒரு பக்கம் கிழிந்தே போயிருந்தது. ரப்பர் வைத்து அப்படித் தேய்த்திருக்கிறாள். பின்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பழைய எழுத்தின் தடம்கூட இல்லை.

தப்பாக எழுதியதைச் சுத்தமாக அழித்துவிட்டுத்தான் திருத்தி எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவள் நான்.

"அன்னைக்கு அவசரத்துல அஞ்சாவது வரியை விட்டுட்டேன் டீச்சர்" என்றாள். "அத மட்டும் எழுதியிருந்தாக்கூட அம்மா தொட்டிருக்க மாட்டாங்க."

அப்படி ஒரு வரியே அன்றைக்கு இல்லை என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கிச் சொன்னேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்த்தார். டீச்சருக்கு மனசு கேட்கவில்லை என்று இருவரும் புரிந்துகொண்டது எனக்குத் தெரிந்தது. அவர் டீ வாங்கிவரக் கிளம்பினார்.

ஸ்கூட்டி வரைக்கும் அவள் கூடவே வந்தாள். நான் சாவியைப் போட்டதும், கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் நிற்பதுபோல் நின்று பாட்டைச் சொன்னாள். வாலுல வளையல் கட்டுவிரியன் என்று தொடங்கி, எதுவா இருந்தாலும் தொடாதே என்பது வரை, நிறுத்தி நிறுத்தி, ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப சரியா டீச்சர்?"

சரி என்று சொன்னேன்.