என் அரக்கர்கள் பேசும் தமிழ்

என் ஊர்க்காரர்களை அரக்கர்களாக்கி விற்றுப் பெயர் வாங்கியிருக்கிறேன்.

இன்று கேளம்பாக்கத்தில் கோவளம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எதிரில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண்.

"அண்ணா, நீங்கதான அந்த மந்திரக் கோட்ட கதை எழுதனவரு? ரெண்டு பாகமும் படிச்சிட்டேன்!"

இளையவர்களுக்கு மாயக்கதை எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இளவரசி, ரிஷி, குதிர அல்லாம் நியூஸ் வாசிக்கிற மாறி பேசுது. அரக்கனுங்க மட்டும் இன்னாத்துக்கு எங்கள மாறி பேசுறானுங்க?"

பக்கத்தில் மீன்கூடையோடு இருந்த அக்கா சிரித்துவிட்டார். "நீ எந்த வூரு நைனா?"

"கோவளம்தான்" என்றேன்.

வாசகர்கள் சிரிக்கட்டும் என்றுதான் அரக்கர்களை அப்படிப் பேச வைத்தேன். சிரித்தார்கள். என் அம்மா வீட்டில் பேசுவதும் அதே தமிழ்தான்.

"அடுத்த பாகத்தில் இளவரசியையும் அப்படிப் பேச வைக்கிறேன்மா."

"அடுத்த பாகம் கெடக்கட்டும்ண்ணா. இப்பவே அந்த இளவரசிய எங்கள மாறி ஒரு வார்த்த பேச வையுங்க, பாப்போம்."

ஆட்டோவில் இருந்த எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

கோவளம் வந்து அவள் இறங்கிப் போகும்வரை என் இளவரசி வாயைத் திறக்கவே இல்லை.