அப்பா கடைசியாகச் சொன்ன ‘ஆறு’

அப்பாவின் முதலாண்டுத் திதிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பாவின் வாழ்க்கையை எழுதித் தரும்படி அண்ணன் சொன்னார். தமிழில் எழுத வீட்டில் நான் ஒருத்திதான் மிச்சம். எழுதிவிடலாம், ஆனால் அப்பா கடைசியாகச் சொன்ன ஒரு சொல்லே எனக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்காமலேதான் எழுதுகிறேன்.

அப்பா இங்கே பர்மாவில், ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் பிறந்தவர். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் படுத்துவிட்டதால் எட்டாவதோடு அப்பாவின் படிப்பு நின்றது. கோயில் வகுப்பில் கற்ற தமிழ் மட்டும் கடைசிவரை கூட வந்தது. கிரேன் பழுதுபார்க்கும் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, ஃபிட்டராக உயர்ந்து, அம்மாவைக் கைப்பிடித்தார். அம்மாவின் தாயார் பர்மியர். அதனால் எங்கள் வீட்டில் சாமிக்குத் தமிழ், சண்டைக்குப் பர்மியம். அப்பா சண்டைக்கே வரமாட்டார். கல்யாண வீட்டில் வெடி வைத்தால்கூடக் காதைப் பொத்திக்கொண்டு சமையற்கட்டுக்குள் போய்விடுவார்.

அப்படிப்பட்டவர் துப்பாக்கி சேர்த்தார் என்றால் நம்புவீர்களா? உங்களில் பலருக்கு இது இப்போதுதான் தெரியும். வீட்டில் இன்று ஒன்றும் இல்லை என்பதால் தைரியமாக எழுதுகிறேன். எல்லாம் பழைய யுத்தத்தில் மண்ணுக்குள் போய், மாவ்பிப் பக்கம் உழும்போது கொழுவில் மாட்டி வெளியே வந்த ரிவால்வர்கள். சும்மா துருக்கட்டிகள். உருளை சுழலாது, விசை அசையாது. லத்தாவில் பழைய இரும்பு விற்கும் ஒருவர் சொல்லி அனுப்புவார். அப்பா போய், குழலின் வாயில் சுண்டுவிரலை வைத்துப் பார்ப்பார். நுனி உள்ளே போனால்தான் வாங்குவார். “சின்ன வாயி நமக்கு ஆகாது” என்பார். ஏன் ஆகாது என்று கேட்டால் சிரிப்பார். துப்பாக்கி எதற்கு என்று கேட்டால், “பாவம், மண்ணுல கெடந்துச்சு” என்பார். இது ஒரு பதிலா?

வாரக்கணக்கில் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசி, பழைய லுங்கித் துணியில் சுற்றிவைப்பார். முப்பது வருடத்தில் ஐந்து சேர்ந்தன. ஆயுத பூஜையன்று மட்டும் அவை வெளியே வரும். சுத்தியலுக்கும் ஸ்பானருக்கும் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்து சந்தனம் குங்குமம் வாங்கிக்கொள்ளும்.

பர்மியத்தில் ரிவால்வருக்குச் ‘சௌலோன்பியூ’ என்று பெயர். ‘சௌ’ என்றால் ஆறு. ஆறு குண்டு போடுவதால் வந்த பெயர். அப்பா அதையும் சுருக்கி ‘ஆறு’ என்றே சொல்வார். “மாவ்பியில ஒரு ஆறு கெடச்சிருக்காம், பாத்துட்டு வாறேன்” என்று கிளம்புவார். அம்மா வாசல்வரை பின்னாலேயே போவார். “துருன்னு சொன்னா யாரு கேப்பா? பட்டாளத்துக்காரன் வீட்டச் சோதிக்க வந்தா மொதல்ல உங்க மகனத்தான் புடிப்பாங்க” என்பார்.

சென்ற ஆண்டு அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். பேச்சு அநேகமாகப் போய்விட்டது. கடைசி நாள் காலை நாங்கள் மூவரும் கட்டிலைச் சுற்றி நின்றிருந்தோம். அப்பா அம்மாவைப் பார்த்து “ஆறு” என்றார். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. மதியம் போய்விட்டார்.

அழுது முடிப்பதற்குள் குழப்பம் ஆரம்பித்துவிட்டது. “இன்னொரு ஆறு எங்கியோ வச்சிருக்காரு தங்கச்சி. அது துருவா, நல்லதான்னு யாருக்குத் தெரியும்?” என்று அண்ணன் அரிசிப் பானை முதல் சாமி மாடம் வரை கவிழ்த்துப் பார்த்தார். துக்கம் கேட்க வந்தவர்களை எழுப்பிவிட்டுத் தரைப் பலகையைப் பெயர்த்தார். அன்று வந்து மிரண்டு போனவர்கள் இப்போது மன்னித்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு வேறு பொருள் தோன்றியது. “ஆத்துல போடச் சொல்லிருக்காரு அண்ணே. நம்ம மாட்டிக்கக் கூடாதுன்னுதான்” என்றேன்.

“ஆறுன்னா மியிட்டா?” என்றார் அண்ணன். அவருக்குத் தமிழில் எண் தெரியும். நதி பர்மியத்தில்தான் ஓடும்.

தேடியது கிடைக்காததால் என் பொருள் ஜெயித்தது. அஸ்தி கரைக்கப் போன அன்று ஐந்தையும் பூக்கூடைக்கு அடியில் வைத்துச் சம்பான் படகில் கொண்டுபோனோம். நடு ஆற்றில் முதலில் அப்பா, பின்னால் ஒவ்வொன்றாக அவை. அப்பா சொன்னதைச் செய்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா என்னை வெறித்துப் பார்த்தார்.

“அப்ப என் கையில கஞ்சி இருந்துச்சு. அடுப்புலேருந்து எறக்குன சூடு. ஆறட்டும்னு சொல்ல வந்தாருடி!”

“அத அப்பவே சொல்லிருக்கலாமே அம்மா!”

“நீங்க ரெண்டு பேரும் என்னக் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. முப்பது வருடம் அவர் தடவித் தடவி வைத்திருந்ததை ஒரு கிண்ணம் கஞ்சிக்காக ஆற்றில் போட்டேனா? நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது, சிரிப்பும் வருகிறது. அத்தனை வருடம் அவற்றைத் திட்டிய அம்மா, “ஒண்ணாவது வச்சிருக்கலாம்” என்கிறார். அண்ணன் இன்னும் ஆறாவதைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கே வந்து வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும், பாடை சுமந்த தோள்களுக்கும், பதினாறு நாளும் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், கூடைக்குள் என்ன என்று கேட்காமல் அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்த சம்பான்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ‘ஆறுதல் சொன்ன அனைவருக்கும்’ என்று முடித்துவிடு என்றார் அண்ணன். அந்தச் சொல்லை எழுதும்போதுதான் கை நின்றது. அப்பா அம்மாவைப் பார்த்தல்லவா சொன்னார்? எழுந்துபோய் அம்மாவிடம் கேட்டேன்: “ஒருவேள உங்களத்தான் மனசு ஆறுன்னு சொன்னாரோ?”

அம்மா கஞ்சிப் பானையை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார்.

“சொல்லிருப்பாரு,” என்றார் பிறகு. “எனக்குத்தான் இன்னும் ஆறலையேடி.”