களமசேரியில் வாசித்த கெட்டிமேளம்

என் சம்பந்தி கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்து விற்கிறவர். என் மகளைப் பெண் கேட்டுக் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்த அன்றே, எங்கள் சுக்குக் கடையில் உட்கார்ந்து, கையிலிருந்த சாயா ஆறிப்போவது கூடத் தெரியாமல் கோயம்புத்தூர்-கொச்சி சாலையைப் பற்றியே பேசினார்.

"நம்மூரு ரோடு இனி சும்மா ரோடு இல்லீங்க. ஆசியா பூராவும் இணைக்கிற பாதை. உங்க சுக்கையும் எங்க மோட்டாரையும் ஒரே லாரியில ஏத்துனா துருக்கியில போயி இறக்கலாமுங்க."

துருக்கியில் யார் சுக்குக் காப்பி கேட்டு அழுதார்கள்? இங்கிருந்து இதே கொச்சிக்குள் இருக்கிற கலூர் போய்ச் சேருவதற்குள் எனக்குத் தலைவலியே வந்துவிடும். ஆனாலும் பெண்ணைப் பெற்றவள் இல்லையா, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தேன்.

கல்யாணம் மட்டாஞ்சேரியில். மேளம் மட்டும் தங்கள் ஊர் மேளம்தான் வேண்டும் என்று பிடிவாதம். அவரை மட்டும் சொல்லி என்ன? தலைமுறை தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிற தமிழர்களான எங்களுக்கும் அந்தப் பித்து உண்டு. புடவை, வாழையிலை, மல்லிகை எல்லாம் வாளையாறு செக்போஸ்ட் தாண்டி வந்தால்தான் கல்யாணம் என்று நினைப்பு. சரி, மேளக்காரர்களை முதல் நாளே வரச் சொல்லுங்கள் என்றேன்.

"எதுக்குங்க? விடியக் கெளம்புனா பறந்து வந்துருவாங்க" என்றார்.

பறந்தார்கள்! முகூர்த்தம் நெருங்கும்போது அவர்கள் வேன் ஊருக்கு வெளியே களமசேரியில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் அசையாமல் நின்றது. சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்களாம். சம்பந்தி மண்டப வாசலில் நின்றுகொண்டு, "இந்தா, பாலத்துல ஏறிட்டாங்க" என்று அரை மணி நேரமாக அதே பாலத்தில் அவர்களை ஏற்றிக்கொண்டிருந்தார். மணவறையிலிருந்து மகள் என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மே, மேளம் இல்லாமலா எனக்குத் தாலி கட்டப்போறாங்க?"

அவள் கண் கலங்கிவிட்டது. ஆசியாவையே இணைக்கிறாராம், மனுஷன்!

புரோகிதர் நேரம் போகிறது என்று அவசரப்படுத்தினார். என் கணவர்தான் தவில்காரரைப் போனில் பிடித்து, "இருக்கிற எடத்துலயே வாசிங்க" என்றார். மைக் செட் சேட்டன் அந்தப் போனை மைக்கோடு சேர்த்துப் பிடித்தார். "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்றார் புரோகிதர். வேனுக்குள்ளிருந்து நாதஸ்வரமும் தவிலும் முழங்கின. கூடவே களமசேரியில் நின்ற அத்தனை லாரிகளும் ஹாரன் அடித்தன. அந்த இரைச்சலில்தான் என் மகள் கழுத்தில் தாலி ஏறியது. மண்டபமே சிரித்தது, அவளும் சிரித்துவிட்டாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மேளக்காரர்கள் பாயசத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தார்கள்.

மாலையில் மகளைக் காரில் ஏற்றிவிட்டு நின்றேன். சம்பந்தி கண்ணாடியை இறக்கினார்.

"கவலப்படாதீங்க சம்பந்தி. அதான் ரோடு இருக்குதுல்லங்க? நெனச்சா ஒரே ஓட்டமா வந்து புள்ளையப் பாத்துக்கலாம்."

ஆறுதலாகத்தான் சொன்னார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு அப்போதுதான் வெடித்தது.