தூணுக்குப் பின்னால் யார்?

தேரடி முனையில் காரை வலப்பக்கம் திருப்புமுன் முருகம்மாள் தலையை முன்னே நீட்டுகிறார், பின்னே இழுக்கிறார், மறுபடி நீட்டுகிறார். பின்னால் நிற்கும் ஆட்டோ ஹாரனை அலறவிடுகிறது. அலறட்டுமே! எழுபது வயதில் அவருக்கு என்ன அவசரம்?

"ஏலே, வழிய விடு! நர்சம்மா கோழி கணக்கா தலையாட்டிட்டு வாராவ" என்று சத்தம் கொடுப்பான் பூக்கார மாரிக்கண்ணன். ஊர் ஊராகத் தடுப்பூசி போட்டு ஓய்வு பெற்றவருக்கு இங்கே அதுதான் பெயர். கேலி பேச அவனுக்கு உரிமை உண்டு. போன மாதம் அவனுடைய சைக்கிள், முருகம்மாள் காரின் முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையிலுள்ள தடித்த தூணுக்குப் பின்னால் முழுசாக மறைந்துவிட்டது. சாண் இடைவெளியில் வண்டி நின்றது. பூக்கூடை கவிழ்ந்ததோடு போயிற்று.

மறுநாளே முருகம்மாள் போர்வையை நாலாக மடித்து சீட்டில் போட்டு உயரம் கூட்டினார். கண்ணாடியில் ஒட்டியிருந்த வேல், மயில் ஸ்டிக்கர்களைச் சுரண்டி எடுத்தார். டேஷ்போர்டில் மாலையும் கழுத்துமாக வீற்றிருந்த பிள்ளையாரைக் கீழ்த்தட்டுக்கு இறக்கினார். திருப்பங்களில் தூணைத் தாண்டிப் பார்க்கத் தலையை முன்னும் பின்னும் ஆட்டப் பழகினார். "சாமி எங்கன இருந்தாலும் பாத்துக்கிடுவாரு. நான் பாக்கணும்லா?"

சேதி சென்னைக்கு எட்டியது. காரை வாங்கிக் கொடுத்த மகள் ப்ரியதர்ஷினி, சாவியை வாங்கிப் போகவென்றே வந்து இறங்கினாள்.

"சாவியக் குடுத்துட்டா குருவிகுளத்துல சர்க்கரைப் புண்ணோட கெடக்க என் தங்கச்சிக்கு யாருட்டி கட்டு மாத்துவா? இந்த முட்டிய வச்சுக்கிட்டு பஸ் ஏறுவனா?"

"டிரைவர் வச்சுக்கோம்மா."

"அவனுக்கும் இதே தூணுதானட்டி!"

மகள் கையை நீட்டினாள். "இன்னைக்குக் கட்டு மாத்தணும். நீயே ஓட்டு" என்று முருகம்மாள் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். மகள் போர்வையைப் பின்சீட்டில் எறிந்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

தேரடி முனை. தெரு காலியென்று நினைத்து ப்ரியதர்ஷினி ஸ்டியரிங்கை ஒடித்தாள்.

"நில்லுட்டி!"

பிரேக் கிறீச்சிட்டது. தூணின் மறைவிலிருந்து இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் வெளிப்பட்டு, இருவரையும் முறைத்துவிட்டுக் கடந்து போனாள். மகள் மெல்லத் தலையை முன்னே நீட்டினாள், பின்னே இழுத்தாள்.

"அடியாத்தீ, கோழிக்குஞ்சும் வந்தாச்சு!" என்றான் மாரிக்கண்ணன்.

சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய மகள் சாவியை எடுக்கவில்லை. இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தாள். போர்வையை உதறி, நாலாக மடித்து, டிரைவர் சீட்டில் சுருக்கமில்லாமல் விரித்தாள்.