வாரண்ட் ஆளின் மடியில் பாப்பா

காலை ரோல் காலில் இன்ஸ்பெக்டர் என்னை மட்டும் முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். எல்லார் முன்னாலும் கூப்பிட்டால் நல்ல சேதி இருக்காது.

"இன்னா ஏட்டு, லீவு கேட்டியாமே?"

"ஆமாங்க சார். ரிஷிவந்தியத்துல என் தங்கச்சி பொண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. சாயங்காலம்."

"நீ போவலன்னா நடக்காதா?"

"நான்தாங்க தாய்மாமன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "மலைக்காரன் வெள்ளையன் வாரண்ட் எவ்ளோ நாளா கெடக்குது? இன்னிக்கி அவனக் கோர்ட்டுல நிறுத்து. நிறுத்திட்டு அப்படியே மாமனாப் போ. இல்லன்னா ஸ்டேஷன்லயே குந்து."

வெள்ளையன் கல்வராயன் மலைக்காரர். பெரிய குற்றவாளி ஒன்றும் இல்லை. பங்காளியோடு ஓர் அடிதடி கேஸ். நடுவில் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டார். வாய்தாவுக்கு வரவில்லை. கோர்ட்டில் பிடி வாரண்ட் போட்டுவிட்டார்கள்.

வீட்டுக்குப் போன் செய்தேன். என் மனைவி மல்லிகா கத்தவில்லை. அவள் கத்தாமல் பேசினால்தான் எனக்குப் பயம்.

"சீர்த்தட்டெல்லாம் நான் எடுத்துக்கினு பஸ்ல போயிடுறேன். நீங்க வந்து நின்னாப் போதும். மாலை போட மாமன் இல்லன்னா உங்க தங்கச்சி ஊரக் கூட்டிடுவா. அப்புறம் நான் பொறுப்பு இல்ல."

எங்கே பிடிப்பது

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள், வாரண்ட் ஆளை எங்கே பிடிப்பது என்று. வீட்டில் தேடினால் கிடைக்க மாட்டான். அக்கா, தங்கச்சி வீட்டு விசேஷத்தில் தேடு என்பேன். காது குத்து, சடங்கு, கல்யாணம். எந்த ஊரில் ஒளிந்திருந்தாலும் அன்றைக்கு வந்துவிடுவான். மாமன் இல்லாமல் அங்கே எதுவும் நடக்காது.

வெள்ளையனின் தங்கை பிள்ளைக்குக் காது குத்து என்று முந்தின நாளே எனக்குச் சேதி வந்திருந்தது. அதனால்தான் இன்ஸ்பெக்டரிடம் தைரியமாகச் சரி என்றேன்.

டிரைவர் சேவியர் ஜீப்பை எடுத்தார். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினோம். நான் மஃப்டியில் இருந்தேன். ஊருக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் ஜீப்பை நிறுத்திவிட்டு நான் மட்டும் நடந்தேன்.

வீட்டு முன்னால் தென்னங்கீற்றுப் பந்தல். நடுவில் பாய். பாயில் வெள்ளையன் புது வேட்டி கட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் மொட்டை அடித்த பெண் குழந்தை. மண்டை பூராவும் சந்தனம்.

மஃப்டி எல்லாம் வீண். என் காலில் கிடந்த போலீஸ் செருப்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள்.

வெள்ளையன் எழுந்திருக்கவில்லை. "வாங்க ஐயா," என்றார். "வருவீங்கன்னு தெரியும்."

"வாரண்ட் இருக்குது வெள்ளையா. கிளம்பு."

அவர் தங்கை ஓடி வந்தாள். "ஐயா, காது குத்துனதும் கூட்டிக்கினு போங்க. வேணாம்னு சொல்லல. மாமன் மடியில குந்த வச்சாச்சி. குத்தாம எறக்குனா எங்க வூட்டுல ஆவாது."

"குத்த வேண்டியதுதானே?"

"ஆசாரி வரலியே!"

ஆசாரி கீழே இருந்து பஸ்ஸில் வர வேண்டும். பஸ் வரவில்லை. வெகு நேரமாக இப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். மலையில் டவர் கிடையாது. ஆசாரி எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் யோசித்தேன். இப்போதே தூக்கினால் மத்தியானத்துக்குள் கோர்ட். அங்கிருந்து நேராக ரிஷிவந்தியம். நான் மாமனாக நிற்கலாம். இந்த ஆள் நிற்க முடியாது. காத்திருந்தால் இவர் மாமன். கோர்ட் நேரம் போய்விடும், நான் ஸ்டேஷனில் உட்கார வேண்டியதுதான்.

குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. பிறகு மாமன் மடியிலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. புது வேட்டி நனைந்து, ஈரம் பாயில் ஓடியது. வெள்ளையன் அசையவில்லை.

"எழுந்து வேட்டிய மாத்திக்க," என்றேன்.

"எறக்கக் கூடாதுங்க," என்றார்.

திரும்பி ஜீப்புக்கு நடந்தேன். சேவியரிடம் சொன்னேன், "கீழ இறங்கிப் போ. வழியில பஸ் எங்கயாவது நின்னுக்கினு இருக்கும். அதுல ஆசாரி இருப்பாரு. கூட்டிக்கினு வா."

சேவியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா ஏட்டய்யா, நாம ஆளப் புடிக்க வந்தமா, காது குத்த வந்தமா?"

"ரெண்டும்தான். போ."

"உங்க தங்கச்சி வூட்டு விசேஷம்?"

"போய்யா."

ஜீப் போன பிறகுதான் உறைத்தது. மலையில் நான் தனி ஆள். சுற்றிலும் அவர் சொந்தக்காரர்கள். ஓடினால் பிடிக்க என் முழங்கால் உதவாது. வெள்ளையன் என் முகத்தைப் படித்துவிட்டார்.

"ஓட மாட்டேங்க. ஓடணும்னாப் பாப்பாவ எறக்கணும்ல?"

பந்தலே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். இத்தனை வருட வேலையில் இதைவிடப் பத்திரமான காவலை நான் பார்த்ததில்லை.

கோர்ட்டில்

பஸ் கொண்டை ஊசி வளைவில் பஞ்சராகி நின்றிருந்தது. சேவியர் ஆசாரியை ஏற்றிக்கொண்டு வந்தார். கூடவே பஸ்ஸில் இருந்த விருந்தாளிகள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். போலீஸ் ஜீப்பில் இருந்து சீர்வரிசை இறங்கியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆசாரி ஒரு நொடியில் ஒரு காதைக் குத்தினார். குழந்தை வீறிட்டது. மறு காதைக் குத்துவதற்குள் கையையும் காலையும் உதைத்தது. வெள்ளையன் இறுக்கிப் பிடித்துக்கொண்டு "ஆச்சிடா, ஆச்சிடா" என்றார். குழந்தையை விட அவர்தான் அதிகம் அழுதார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஈர வேட்டியோடு, தானாக வந்து ஜீப்பில் ஏறினார். சாப்பிடக் கூட இல்லை. பாதி மலை இறங்கும்போதுதான் பார்த்தேன், அவர் மடியில் இப்போது ஒரு பெரிய பலாப்பழம்.

"இன்னாது இது?"

"தங்கச்சி உங்களுக்குன்னு குடுத்துச்சிங்க."

"வாரண்ட் ஆள் வூட்டுல எதுவும் வாங்க மாட்டேன். வழியில யாருக்காவது குடுத்துடு."

அவர் பழத்தைக் கீழே வைக்கவே இல்லை.

டவர் வந்தது. மல்லிகா. "நல்ல நேரம் முடியப் போவுது. எங்க இருக்கீங்க?"

"கோமுகி டேம் கிட்ட."

வைத்துவிட்டாள்.

கள்ளக்குறிச்சி கோர்ட்டில் மாஜிஸ்திரேட் அம்மா கோர்ட் முடித்து எழுந்திருக்கும் நேரத்துக்குப் போய் நின்றோம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏன் இவ்வளவு தாமதம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் வெள்ளையன் கூண்டில் இருந்து சொல்லிவிட்டார். "பாப்பாவுக்குக் காது குத்துங்கம்மா. நான் மாமன். இந்த ஐயா காத்திருந்தாருங்க. ஆசாரியக் கூட அவங்க ஜீப்புலதான் கூட்டியாந்தாங்க."

நான் நேராக நின்றேன். வேறு என்ன செய்வது?

மாஜிஸ்திரேட் அம்மா குனிந்து எழுதினார். வெகு நேரம் நிமிரவில்லை. நிமிரும்போது முகம் கண்டிப்பாகத்தான் இருந்தது. "இனி வாய்தா தவறினால் உள்ளேதான் அனுப்புவேன்," என்று வெள்ளையனிடம் சொன்னார். வெள்ளையனின் வக்கீல் மனு கொடுத்தார். வாரண்ட் ரீகால் ஆகி ரத்தானது.

வெளியே வெள்ளையன் பலாப்பழத்தை நீட்டினார். "இப்ப நான் வாரண்ட் ஆளு இல்லீங்களே ஐயா. உங்க தங்கச்சி வூட்டுக்கு எடுத்துக்கினு போங்க. டிரைவர் அண்ணன் எல்லாம் சொன்னாரு."

சேவியரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் டயரைத் தட்டிக்கொண்டிருந்தார். வாங்கிக்கொண்டேன்.

ஸ்டேஷனுக்கு நாங்கள் போவதற்கு முன்பே சேதி போய்விட்டது. இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"அரசாங்க ஜீப்பு, அரசாங்க டீசலு. ஆசாரிய ஏத்திக்கினு ஊர்வலம் வந்தீங்களாமே?"

"ஆமாங்க சார்."

"மெமோ குடுத்தா இன்னான்னு எழுதுவ?"

"நடந்ததத்தான் சார்."

அவர் என்னையும் பார்த்தார், பலாப்பழத்தையும் பார்த்தார். "மாமன்னு சொன்னியே, இங்க இன்னா நின்னுக்கினு இருக்க? போய்யா."

ரிஷிவந்தியத்தில்

பழத்தைப் பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு போனேன். விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. எல்லாம் முடிந்து எச்சில் இலைதான் கிடக்கும் என்று நினைத்தேன்.

பந்தலில் ஒருவரும் சாப்பிட்டிருக்கவில்லை. என் தங்கை மகள் காவியா நாற்காலியில் மாலை இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். என் தங்கை வசந்தா பந்தல்காலில் சாய்ந்து நின்றாள். அவள் புருஷன் வீட்டுப் பெரியவர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"நல்ல நேரம் எப்பவோ போயிடிச்சிம்மா. இன்னும் இன்னாத்துக்குக் காத்துக்கினு..."

வசந்தா என்னைப் பார்த்துவிட்டாள். பெரியவரிடம் திரும்பிச் சொன்னாள். "பஞ்சாங்கத்துல போட்ட நேரம் மத்தவங்களுக்கு, பெரியப்பா. போலீஸ்காரன் தங்கச்சிக்கு, அண்ணன் வர்ற நேரந்தான் நல்ல நேரம்."

மல்லிகா மாலையைக் கையில் கொடுத்தாள். சீர்த்தட்டுகளை எண்ணிப் பார்த்து, பலாப்பழத்தை முதல் வரிசையில் வைத்தாள்.

காவியா கழுத்தில் மாலை போட்டேன். "பசிக்குது மாமா," என்றாள் காதோடு.

"மாமா ஏன் லேட்டுன்னு கேக்க மாட்டியா?"

"நீ என்னிக்கி சீக்கிரம் வந்த?"

இப்போது ரிட்டயர் ஆகிவிட்டேன். வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வாரண்ட் ஆளை அவன் தங்கச்சி வீட்டு விசேஷத்தில் பிடி. கட்டாயம் கிடைப்பான். ஆனால் காது குத்துவதற்கு முன்னால் பிடிப்பதா, பின்னால் பிடிப்பதா என்று வாரண்டில் எழுதியிருக்காது. அதை நீதான் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்யும்போது உன் தங்கச்சி எந்தப் பந்தல்காலில் சாய்ந்து நிற்கிறாள் என்று நினைத்துக்கொள்.