எறியத் தெரிந்தவள்

எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்கும்போதும் லிட்டாவின் வலது மணிக்கட்டு சும்மா இருப்பதில்லை. சர்க்கரை தூவிய எண்ணெயில் வாழைப்பழம் சிவந்து வருவதற்குள் ஜல்லிக்கரண்டியை விரல்களுக்கிடையில் நாலு சுற்றுச் சுற்றிவிடுவாள். இலோய்லோ நகரச் சந்தை முனையிலுள்ள அவள் பலகாரக் கடையில், அவளை அறிந்தவர்கள் இரண்டு கெஜம் தள்ளி நின்றே இருபது பெசோ நோட்டை நீட்டுவார்கள்.

"பயப்படாதீங்க, இதுவரைக்கும் யார் மண்டையும் உடைஞ்சதில்ல," என்பாள். "என் மண்டையத் தவிர."

வயது அறுபத்தேழு. மழை வரப்போவதை முழங்கால்கள் முந்தைய நாளே சொல்லிவிடும். ஆனாலும் ஊர் மூத்தோர் பேண்டு வாத்தியக் குழுவில், மேளத்துக்கு முன்னால் குட்டைப் பாவாடையும் வெள்ளை பூட்ஸுமாகக் கோல் சுழற்றிக்கொண்டு போகிற ஆறு பெண்களில் அவளும் ஒருத்தி. "பூசணிக்காய்க்கு பூட்ஸ் மாட்டின மாதிரி இருக்கேன்ல?" என்று கண்ணாடியைக் கேட்பாள். பாவம், கண்ணாடி என்ன சொல்லும்?

பள்ளிக்கூடத்திலேயே இதற்கு ஆசைப்பட்டவள். ஆசிரியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ நல்லா வாட்டசாட்டமா இருக்க, பேனரைப் பிடி," என்றுவிட்டார். நாலு வருஷத் திருவிழாவும் அந்தத் துணிக்குப் பின்னாலேயே போயிற்று. ஊர் பார்த்ததெல்லாம் அவள் செருப்பைத்தான்.

இப்போது கோல் கையில் கிடைத்துவிட்டது. சங்கடம் என்னவென்றால், மேலே எறிந்தால் அது கைக்குத் திரும்பி வருவதில்லை. முப்பது தடவைக்கு இரண்டு தடவை பிடிப்பாள். "அந்த ரெண்டும் அதுவா வந்து விழுந்தது," என்று ஒளிக்காமல் சொல்லிவிடுவாள். போன வருஷம் மாதா கோவில் வாசலில் கோல் விழ, எடுக்கக் குனிந்தாள். பின்னால் வந்த பெரிய மேளக்காரர் டோமிங் அவள்மேல் மோத, மேளம் உருண்டோடி மெழுகுவர்த்திக் கடைக்குள் போய் நின்றது.

பேண்டு மாஸ்டர் டெல்ஃபினுக்கு அவள் மகன் வயது. "லிட்டாம்மா, இந்த வருஷமும் குனிஞ்சு ஊர்வலத்த நிறுத்தினீங்கன்னா, அடுத்த வருஷம் பேனர்தான்," என்று தீர்த்துச் சொல்லிவிட்டான். "எறியவே எறியாதீங்களேன். சும்மா சுத்திக்கிட்டே போங்க."

கடைக்கு வந்தும் அவளுக்கு ஆறவில்லை. "எறியாம சுத்துறதுக்கு இந்தக் கரண்டி போதுமே," என்றாள்.

கணவர் ரூபன் பழத்தைக் குச்சியில் செருகியபடி, "அப்ப பிடிக்கக் கத்துக்க," என்றார்.

"வராது. மூணு மாசமா முட்டி மோதிப் பாத்தாச்சு. எனக்கு எறிய மட்டுந்தான் வரும். இந்த வயசுலயாவது என்னைப் பத்தி ஒரு விஷயம் உறுதியாத் தெரிஞ்சுதே."

திருவிழாக் காலையில் அவளைப் பார்த்த டெல்ஃபின் அசந்துபோனான். முதுகு அவ்வளவு நேராக இருந்தது. "என்ன லிட்டாம்மா, இன்னிக்கு இப்படி நிமிர்ந்து நிக்கிறீங்க?"

"குனியக் கூடாதுன்னு நீதானே தம்பி சொன்ன. இன்னிக்கு நெனச்சாலும் குனிய முடியாது."

மாதா கோவில் வாசல் வந்தது. போன வருஷத்து வேடிக்கையைக் கேள்விப்பட்டவர்களும் சேர்ந்து அங்கே கூட்டம் இரட்டிப்பு. மெழுகுவர்த்திக்காரி கூடைகளை உள்ளே இழுத்து வைத்துவிட்டாள். டோமிங் மேளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இருந்தும் லிட்டா எறிந்தாள், இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி. கோல் பளபளத்துக்கொண்டு ஏறி, தெருவுக்குக் குறுக்கே கட்டியிருந்த தோரணத்தில் சிக்கி அங்கேயே தொங்கிவிட்டது.

அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. நடையும் பிசகவில்லை. வலது கையைப் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோய், சட்டைக் காலருக்குள்ளிருந்து இன்னொரு கோலை உருவிச் சுழற்றிக்கொண்டே போனாள்.