வாடிய சோளம்

என் தம்பி உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரிச் சோளம் போடுகிறவன். மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வருஷம் ஒரே ஒரு மழை பெய்து பயிரை முளைக்க வைத்தது. அதோடு சரி. முழங்கால் உயரத்திலேயே சுருண்டு நின்றுவிட்டது. அவனுக்கு மிச்சமிருந்தது ஒரு சினைப்பசு. அது கன்று போட்டுப் பால் கறந்தால் அடுத்த மழைவரை வீட்டை ஓட்டிவிடலாம் என்று போனில் திரும்பத் திரும்பச் சொல்வான்.

நான் கல்யாணமாகித் திருநகர் வந்து இருபது வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். தம்பியும் அவன் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் தீவனம் தேடிப் போயிருந்தார்கள். தொழுவில் பசு வெறும் தொட்டியை நக்கிக்கொண்டிருந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம். என்னைக் கண்டதும் கத்தியது. எனக்கு வந்ததே கோபம்! கண்ணெதிரே சோளக்காடு முழுக்கப் பயிர் வீணாகக் காய்கிறது, வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்டுவிட்டு இவன் எங்கே சுற்றுகிறான்? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கை நிறையப் பிடுங்கி வந்து போட்டேன். ஆவலாகத் தின்றது. இன்னும் ஒரு கட்டு போட்டேன். பெரிய காரியம் செய்துவிட்ட பெருமை வேறு.

கொஞ்ச நேரத்தில் அதற்கு மூச்சு வாங்கியது. வாயில் நுரை. கால் பின்னிச் சரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாடிய இளஞ்சோளத்தில் விஷம் ஏறியிருக்கும், மாட்டை அந்தப் பக்கமே விடக்கூடாது. சின்ன வயதில் மேய்க்கப் போகும்போதெல்லாம் அப்பா இதைச் சொல்லித்தான் அனுப்புவார். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் நான். கேஸ் அடுப்பும் குழாய்த் தண்ணீருமாக இருந்ததில் என் புத்தி மழுங்கிவிட்டது.

தம்பி பைக்கில் வைக்கோல் கட்டோடு வந்தபோது பசுவின் உயிர் அடங்கிவிட்டது. அதன் வாயோரம் ஒட்டியிருந்த சோளத்தாளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நாந்தாண்டா போட்டேன். மறந்தே போச்சுடா."

இரண்டு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் பசுவின் வயிற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து, மிச்சம் கிடந்த சோளத்தை அள்ளிக் குப்பைக்குழிக்குள் புதைத்தான். அரிவாளை எடுத்துப் பசுவின் கயிற்றை அறுத்தான்.

பிறகு அவன் போட்ட சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் வந்தார்கள். அவன் மனைவியும் ஓடி வந்தாள்.

"கயித்த அத்துக்கிட்டுப் போயி சோளக்காட்டுல மேஞ்சிருச்சு. நான் வரும்போதே விழுந்து கெடக்கு. அக்கா இப்பத்தான் பஸ்ஸ விட்டு எறங்கி வருது" என்றான்.

அவன் மனைவி என் தோளில் விழுந்து, "இதத்தான எம்புட்டோ நம்பியிருந்தோம் மதினி" என்று கதறினாள். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். நான் இப்போதுதான் வந்தேன் என்று என் வாயாலேயே சொன்னேன்.